விண்ணில் அவிழ வேண்டிய முடிச்சு

மாட்டு வண்டியின் மேல் செயற்கைக் கோள் ஒன்று அமர்ந்திருக்கும் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். 'ஆப்பிள்' என்னும் அந்தக் கோள் பெங்களூரில் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில், ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் உருவாக்கப்பட்டது. 1981 ஜூன் 19 அன்று, தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ தளத்திலிருந்து ஏரியான் ராக்கெட் அதனை விண்ணுக்குக் கொண்டு சென்றது. படத்தைப் பார்ப்பவர்களில் பலர், 'பாவம், லாரிக்குப் பணமில்லை போலும்' என்று எண்ணிக் கொள்கிறார்கள். உண்மை அதுவன்று.

கோளின் ஆண்டெனாவைத் திறந்த வெளியில் சோதிக்க வேண்டியிருந்தது. உலோகத்தாலான வண்டியில் வைத்தால் வானொலி அலைகள் அந்த உலோகத்தில் பட்டுத் திரும்பி அளவீட்டைக் குழப்பிவிடும். மரத்தாலான வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. இந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் ஆர். எம். வாசகம், பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றியவர். மாட்டு வண்டி அவருடைய குழுவினருக்கு ஒரு சோதனைக் கருவி. விலை குறைவானது; ஆனால் கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத் தந்தது.

விண்ணில் ஆப்பிளுக்கு வந்த தொல்லையோ வேறு இடத்தில் இருந்தது. அதற்கு மடித்து வைக்கப்பட்ட சூரியப் பலகைகள் இரண்டு. ஒன்று விரிந்தது; மற்றொன்று விரியவில்லை. பாதி மின்சாரத்தோடும், ஒருபுறம் மூடிக் கிடந்த பலகையால் ஏறிய வெப்பத்தோடும் போராடிக் கொண்டே அந்தக் கோள் 27 மாதங்கள் பணிபுரிந்தது. தொலைக்காட்சி, வானொலிச் சோதனைகள் பலவற்றுக்கு அது உதவியது என்பது நம் பொறியாளர்களின் திறமைக்குச் சான்று. ஆனாலும் கேள்வி நிற்கிறது. ராக்கெட்டின் இடிமுழக்கத்தைத் தாங்கி, பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்தை அடைந்த ஒரு கலம், கடைசியில் ஒரு கட்டு அவிழாமல் தவிப்பது ஏன்?

ஆப்பிளுக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. அமெரிக்க நிறுவனம் ஒன்று நமக்காகக் கட்டிய இன்சாட்-1ஏ 1982 ஏப்ரல் 10 அன்று ஏவப்பட்டது. அதன் ஒருபுறம் சூரியப் பலகை. மறுபுறம் சூரிய ஒளியின் அழுத்தத்தைச் சமன் செய்யும் பாய் ஒன்று. அந்தப் பாய் விரியவில்லை. கோளை நேராக நிறுத்தும் எரிபொருள் வீணாகச் செலவாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் கோளைக் கைவிட நேர்ந்தது. அடுத்து 1983 ஆகஸ்டில் சென்ற இன்சாட்-1பி-யின் சூரியப் பலகையும் முதலில் முரண்டு பிடித்தது. செப்டம்பர் நடுவில்தான் அது முழுமையாக விரிந்தது. அந்த ஒரு கோளை நம்பித்தான் நாட்டின் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஊர் ஊராகப் பரவியது. ஒரு கீலும் ஒரு கொக்கியும் ஒரு நாட்டின் திட்டத்தையே தாங்கி நின்றன என்றால் மிகையாகாது.

பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

விண்கலத்தில் உள்ள விடுவிப்புப் பொறிக்கு இரண்டு கடமைகள் உண்டு. ராக்கெட் புறப்படும்போது ஏற்படும் கடுமையான அதிர்ச்சியிலும் தன் பிடியைத் தளர்த்தக் கூடாது. பிறகு, ஆணை வந்த கணத்தில் தயக்கமின்றி விட்டுவிட வேண்டும். கன்றைக் கட்டும்போது நாம் போடும் உருவு முடிச்சை நினைத்துப் பாருங்கள். கன்று இழுத்தால் இறுகும். நாம் ஒரு முனையைச் சுண்டினால் அவிழும். விண்கலப் பொறியாளர் தேடுவதும் அப்படிப்பட்ட முடிச்சைத்தான். ஆனால் சுண்டுவதற்கு அங்கே ஆள் இல்லை.

இந்த முடிச்சுகளில் புகழ் பெற்றது 'மார்மன்' பட்டை. ராக்கெட்டின் உச்சியிலும் கோளின் அடியிலும் ஒத்த அளவுள்ள இரண்டு வளையங்கள் இருக்கும். இரண்டையும் சேர்த்து, பீப்பாய்க்கு இரும்புப் பட்டை இடுவதுபோல, ஓர் உலோகப் பட்டையால் சுற்றி இறுக்கி, போல்ட்டால் பூட்டுவார்கள். உரிய நேரத்தில் சிறு வெடிமருந்தால் இயங்கும் உளி அந்தப் போல்ட்டை வெட்டும். பட்டை தெறித்து விலகும். நடுவே அமுங்கியிருந்த ஸ்பிரிங்குகள் கோளை மெல்லத் தள்ளிவிடும். இந்தப் பட்டையைத் தயாரித்து விற்றவர் யார் தெரியுமா? 'மார்க்ஸ் சகோதரர்கள்' என்ற ஹாலிவுட் நகைச்சுவைக் குழுவில் நடித்த செப்போ மார்க்ஸ்! நடிப்பை விட்டு அவர் நடத்திய தொழிற்சாலையின் பெயர்தான் மார்மன்.

தீக்குச்சியின் சிக்கல்

வெடிமருந்தால் இயங்கும் பொறியைச் சோதிப்பதில் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. கையில் ஒரு தீக்குச்சி இருக்கிறது. அது எரியுமா என்று அறிய வேண்டும். உரசிப் பார்க்கலாம். எரிந்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் குச்சி போய்விடும். வெடிபோல்ட்டும் அத்தகையதே. சோதித்ததை அனுப்ப முடியாது. அனுப்புவதைச் சோதிக்க முடியாது.

ஆகவே, ஒரே தொகுதியில் செய்த பலவற்றில் சிலவற்றை வெடித்துப் பார்த்து, மற்றவையும் அவ்வாறே இயங்கும் என்று நம்புகிறார்கள். பெரும்பாலும் அந்த நம்பிக்கை பொய்ப்பதில்லை. ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 2017 ஆகஸ்டு 31 அன்று நமது பி.எஸ்.எல்.வி. ராக்கெட் தன் 41-ஆவது பயணத்தை மேற்கொண்டது. எஞ்சின்கள் எல்லாம் செவ்வனே இயங்கின. ஆனால் முகப்பிலுள்ள வெப்பக் கவசம் பிளந்து விலகவில்லை. 1,425 கிலோ எடையுள்ள வழிகாட்டிக் கோள் கவசத்துக்குள்ளேயே சிறைப்பட்டது. அத்தனை முறை திறந்த அதே வகைக் கதவு அன்று திறக்கவில்லை. குறையைக் களைந்து 2018 ஜனவரி 12 அன்று அடுத்த ராக்கெட் ஏவப்பட்டபோது, கவசம் ஒழுங்காக விலகியது.

இக்காரணத்தால், வெடிமருந்து இல்லாமல் மீண்டும் மீண்டும் பூட்டித் திறக்கக்கூடிய பொறிகளைப் பொறியாளர்கள் விரும்பத் தொடங்கினார்கள். அவற்றுள் மிக எளியது நைலான் நூலும் நிக்ரோம் கம்பியும். மடித்த உறுப்பை நூல் கட்டி வைத்திருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் கம்பி சூடாகி நூலை உருக்கி அறுக்கும். மின்சார அடுப்பில் நீங்கள் காணும் கம்பியும், தூண்டிலில் காணும் நூலும்தான்! நூலை மாற்றி நூறு முறை சோதிக்கலாம். செலவும் சில ரூபாய்களே.

எடை என்னும் இடையூறு

பொறி கிடைத்துவிட்டது. அதைச் சோதிப்பது எப்படி? விண்ணில் எடை உணரப்படுவதில்லை. அங்கே விரியும் பலகையின் கீலுக்குச் சிறு ஸ்பிரிங் போதும். அதே பலகை பூமியில் தன் எடையைத் தானே தாங்க மாட்டாமல் தொங்கும். பலமான ஸ்பிரிங் போட்டுச் சோதித்தால், நாம் சோதித்தது அனுப்பப் போகும் பொருளை அன்று, வேறு ஒன்றை.

கப்பியின் வழியே கயிறு கட்டி மறுமுனையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல யோசனை, செலவும் குறைவு. கிணற்று இறைப்பில் நம் முன்னோர் ஏற்றத்தில் கல்லைக் கட்டியது இதே தத்துவம்தான். ஆனால் இதிலும் ஒரு கண்ணி உண்டு. 10 கிலோ பலகையை உயர்த்த 10 கிலோ கல்லைக் கட்டினால், எடை சமனாகிவிடும். ஆனால் ஸ்பிரிங் இப்போது 20 கிலோவை அசைத்தாக வேண்டும். எடை மறைந்தது, நிலைமமோ இரட்டித்தது. கப்பியின் உராய்வு வேறு சேர்ந்துகொள்ளும். பலகை மெதுவாகத் திறக்கும். விண்ணில் அது எவ்வளவு வேகமாகத் திறந்து தன் தடுப்பில் மோதும் என்பது தெரியாமலே போகும்.

இதற்கு வேறு வழிகள் கண்டார்கள். பலகையை மேலிருந்து நீண்ட கயிறுகளில் தொங்கவிட்டு, கிடைமட்டமாக மட்டுமே விரியச் செய்வது ஒன்று. கயிற்றைத் தாங்கும் உருளைகள் மேலே தண்டவாளத்தில் ஓடும். வழவழப்பான தளத்தின் மேல் காற்றுப் படலத்தில் மிதக்க விடுவது மற்றொன்று. இலேசான உறுப்புகளை ஹீலியம் பலூன்களில் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு; அப்போது பலூன் காற்றை விலக்கிச் செல்லும் தடையைக் கணக்கில் கழிக்க வேண்டும். ஒவ்வொரு கருவியும் ஒரு பொய்யை நீக்குகிறது. வேறொரு சிறு பொய்யைச் சேர்க்கிறது. அந்தச் சிறு பொய் எது, எவ்வளவு என்று அறிந்தவரே நல்ல சோதனையாளர்.

நீர்த் தொட்டியில் ஒத்திகை

எடையை ஏமாற்ற இன்னொரு வழி நீர். இதன் பயனை உலகம் 1973-இல் கண்டது. அந்த ஆண்டு மே 14 அன்று அமெரிக்கா 'ஸ்கைலாப்' விண்வெளி நிலையத்தை ஏவியது. புறப்பட்டு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அதன் காப்புக் கவசம் பிய்ந்தது. அதனோடு ஒரு சூரிய இறக்கை பறந்து போயிற்று. மற்ற இறக்கையை, கிழிந்த அலுமினியத் துண்டு ஒன்று பட்டைபோல் வளைத்துப் பிடித்துக் கொண்டது. மறுநாள் செல்லவிருந்த வீரர்களின் பயணம் நிறுத்தப்பட்டது. பத்து நாள் அவகாசம்.

அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரிலுள்ள மார்ஷல் மையத்தில் 75 அடி அகலமும் 40 அடி ஆழமும் கொண்ட நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. மூழ்காமலும் மிதக்காமலும் இருக்குமாறு எடை சரிசெய்த உடையோடு வீரர்கள் அதில் இறங்கிப் பயிற்சி செய்வார்கள். இறக்கையின் மாதிரியை அதில் வைத்து வெட்டும் முறையை ஒத்திகை பார்த்தார்கள். புதிய வெட்டுக் கருவியை வடிவமைக்க நேரம் ஏது? மின்கம்பங்களில் வேலை செய்யும் லைன்மேன்களுக்கான கருவிகளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து கம்பி வெட்டும் கத்தரியைத் தருவித்தார்கள்.

மே 25 அன்று கான்ராட், கெர்வின், வைட்ஸ் ஆகிய மூவரும் புறப்பட்டார்கள். அன்றே கலத்தின் கதவைத் திறந்து, கொக்கி மாட்டிய கழியால் வைட்ஸ் இறக்கையை இழுத்துப் பார்த்தார், பயனில்லை. ஜூன் 7 அன்று கான்ராடும் கெர்வினும் வெளியே சென்றார்கள். சுமார் 25 அடி நீளக் கழியின் நுனியில் கத்தரி. பட்டை அறுந்தது; இறக்கை சிறிதே அசைந்து நின்றது. கீலின் வேகத்தைக் குறைக்கும் உறுப்பு குளிரில் உறைந்திருந்தது. இருவரும் கயிற்றுக்கு அடியில் தோள் கொடுத்து நிமிர்ந்தார்கள். பிடிப்பு முறிந்து இறக்கை விரிந்தது. கடையில் கிடைக்கும் கத்தரியும் ஒரு நீர்த் தொட்டியும் நிலையத்தைக் காப்பாற்றின. அந்தத் தொட்டியில் ஒத்திகை பார்த்த சிக்கலும் விண்ணில் இருந்த சிக்கலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததே வெற்றியின் காரணம்.

காற்று மறைத்த குறை

இதற்கு நேர்மாறான கதை கலிலியோவினுடையது. வியாழன் கோளை ஆராயச் சென்ற இந்தக் கலம் 1989 அக்டோபர் 18 அன்று புறப்பட்டது. அதன் பெரிய ஆண்டெனா 4.8 மீட்டர் அகலம். 18 கம்பிகளைக் கொண்ட குடைபோல மடக்கி வைத்திருந்தார்கள். 1991 ஏப்ரல் 11 அன்று விரியும்படி ஆணை சென்றது. மோட்டார் திணறி நின்றது. சில கம்பிகள் நடுத்தண்டை விட்டு விலகவில்லை.

பூமியில் சோதித்தபோது இதே வகைக் குடை விரிந்ததே! பின் என்ன நடந்தது? 1986-இல் சேலஞ்சர் விண்கப்பல் வெடித்ததால் கலிலியோவின் பயணம் சில ஆண்டுகள் தள்ளிப் போயிற்று. கலிபோர்னியாவிலிருந்து புளோரிடாவுக்கும், அங்கிருந்து திரும்பக் கலிபோர்னியாவுக்கும், மறுபடி புளோரிடாவுக்கும் அதனை லாரியில் கொண்டு சென்றார்கள். சாலைக் குலுக்கலில், கம்பிகளைத் தாங்கும் சிறு ஊசிகளின் மேல் பூசியிருந்த திண்ம மசகு தேய்ந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மசகு போனாலும் காற்றில் உலோகத்தின் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் உருவாகிக் கொண்டே இருக்கும். அது ஒருவகை உறைபோல உராய்வைக் குறைக்கும். வெற்றிடத்தில் தேய்ந்த படலம் மீண்டும் உருவாகாது. உலோகமும் உலோகமும் நேரடியாகப் பற்றிக் கொள்ளும். காற்றுள்ள அறையில் செய்த சோதனை, 'குறை இல்லை' என்றே கூறும். கேட்ட இடம் தவறு. அதனால் விடையும் தவறு.

பூமியிலிருந்த மாற்று ஆண்டெனாவை வைத்துச் சிக்கலை ஆராய்ந்தார்கள். விண்ணிலோ, கலத்தைச் சூரியனை நோக்கித் திருப்பிச் சூடாக்கியும், நிழலில் குளிர்வித்தும் பார்த்தார்கள். மோட்டாரை 13,000 முறைக்கு மேல் விட்டுவிட்டு இயக்கித் தட்டினார்கள். குடை விரியவே இல்லை. நொடிக்கு 1,34,000 துணுக்குகள் அனுப்பியிருக்க வேண்டிய கலம், சிறிய ஆண்டெனாவால் தொடக்கத்தில் பத்துப் பதினைந்து துணுக்குகளே அனுப்பக்கூடிய நிலை. கணிப்பொறி நிரல்களைத் திருத்தி, செய்திகளைச் சுருக்கி அனுப்பி, 1995 டிசம்பரில் வியாழனை அடைந்த பிறகு அரிய பல செய்திகளைப் பெற்றார்கள் என்பது வேறு கதை.

மேலே சொன்ன நிக்ரோம் கம்பிக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மேசையின் மேல் கம்பியைச் சுற்றியுள்ள காற்று அதன் சூட்டை வாங்கிச் செல்கிறது. வெற்றிடத்தில் அந்த வழி அடைபட்டுவிடும். அதே மின்சாரத்தில் கம்பி கூடுதலாகச் சூடேறும். நூலை அறுப்பதற்கு முன் தானே அறுந்தாலும் வியப்பில்லை. மறுபுறம், விண்ணின் குளிரில் பாட்டரி சோர்ந்து மின்சாரம் குறையவும் கூடும். எனவே பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பார்த்த மணிச்சாடியும் காற்றிறைக்கும் பம்பும், இந்தக் கேள்விக்கு விலையுயர்ந்த அதிர்வு மேடையைக் காட்டிலும் பயனுள்ள கருவிகள்.

நான்கு அங்குலப் பெட்டி

இந்தப் பாடங்களெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியவையாக நெடுநாள் இருந்தன. அவற்றை மாணவர்களின் கைக்குக் கொண்டு வந்தவர்கள் இரண்டு பேராசிரியர்கள்: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாப் ட்விக்ஸ், கலிபோர்னியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தின் ஜோர்டி புயிக்-சுவாரி.

ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் கட்டிய 'ஓபல்' என்னும் கோள் 2000 ஜனவரியில் விண்ணுக்குச் சென்று, தன் வயிற்றிலிருந்து ஆறு குட்டிக் கோள்களை வெளியே தள்ளியது. அந்தத் திட்டத்தின் அனுபவத்திலிருந்து, 10 சென்டிமீட்டர் கனசதுரம், ஒரு கிலோ எடை என்ற 'கியூப்சாட்' அளவை 1999-இல் இருவரும் வகுத்தார்கள். பொம்மை வைத்து விற்கும் நான்கு அங்குலப் பிளாஸ்டிக் பெட்டியைக் கடையில் பார்த்து ட்விக்ஸ் இந்த அளவைத் தேர்ந்தாராம்.

அளவை வகுத்ததைவிடப் பெரிய செயல் அவர்கள் விடுவிப்புப் பொறியை வகுத்தது. ஒவ்வொரு மாணவர் குழுவும் தனித்தனிப் பட்டையும் போல்ட்டும் செய்தால் எந்த ராக்கெட்காரர் நம்புவார்? அதனால் மூன்று கனசதுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் ஓர் அலுமினியப் பெட்டியைப் பாலிடெக்னிக் மாணவர்கள் உருவாக்கினார்கள். ஒருமுனையில் ஸ்பிரிங், மறுமுனையில் கதவு. கதவு திறந்தால் ஸ்பிரிங் கோள்களைத் தண்டவாளத்தில் தள்ளிவிடும். பெட்டியை ஒருமுறை நன்கு சோதித்தால் போதும். உள்ளே வரும் கோள்கள் எத்தனையும் வரலாம். 2003 ஜூன் 30 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து இத்தகைய கோள்கள் முதன்முதலாகச் சென்றன.

அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. உண்மைப் பெட்டி விலை மிகுந்தது. அதை ஒவ்வொரு கல்லூரிக்கும் அனுப்ப இயலாது. ஆகவே சோதனைக்கென்றே எளிய பெட்டி ஒன்றைச் செய்தார்கள். கோள் உள்ளே உட்காரும் விதம் உண்மைப் பெட்டியில் உள்ளது போலவே இருக்கும். மாணவர்கள் தங்கள் கோளை அதில் வைத்து, அருகிலுள்ள அதிர்வு மேடையில் குலுக்கிப் பார்க்கலாம். எதை அப்படியே வைக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பிரித்தறிந்ததில்தான் அந்தச் சிக்கனம் பிறந்தது. மாட்டு வண்டிக்கும் இந்தப் பெட்டிக்கும் உள்ள உறவு இதுவே.

நம் நாட்டிலும் மாணவர் கோள்கள் இவ்வழியில் வந்தன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ எடையுள்ள 'அனுசாட்' 2009 ஏப்ரல் 20 அன்றும், பெங்களூர், ஐதராபாத் கல்லூரி மாணவர்களின் ஒரு கிலோவுக்கும் குறைந்த 'ஸ்டட்சாட்' 2010 ஜூலை 12 அன்றும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளில் ஏறிச் சென்றன.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரு விடுவிப்புச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு காலித் தீப்பெட்டிகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றில் 20 கிராம், மற்றொன்றில் 40 கிராம் மொத்த எடை வருமாறு மணலை நிரப்பி ஒட்டுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு நூல்களால், ஒரு மீட்டர் நீளத்தில், அருகருகே தொங்கவிடுங்கள். நடுவே பேனாவின் ஸ்பிரிங்கை வைத்து அமுக்கி, இரு பெட்டிகளையும் பருத்தி நூலால் சேர்த்துக் கட்டுங்கள். பின்னால் ஓர் அளவுகோலை வைத்துவிட்டு, கட்டிய நூலில் ஊதுபத்தியின் நெருப்பைத் தொடுங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். பக்கத்தில் ஒரு குவளை நீரும் இருக்கட்டும்.

நூல் அறுந்ததும் பெட்டிகள் எதிரெதிரே ஊசலாடும். இலேசான பெட்டி கனமானதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு தூரம் செல்வதைக் காண்பீர்கள். நியூட்டனின் மூன்றாம் விதி கண்முன் நடக்கும். தொங்கவிட்டதால், பிரியும் அந்தக் கணத்தில் எடை குறுக்கிடுவதில்லை. உண்மைக் கோள்களையும் நீண்ட கயிறுகளில் தொங்கவிட்டு இவ்வாறே சோதிப்பதுண்டு.

ஒருமுறை செய்து நிறுத்தி விடாதீர்கள். இருபது முறை செய்து ஒவ்வொரு தடவையும் குறித்து வையுங்கள். ஸ்பிரிங்கைச் சற்று ஓரமாக வைத்துப் பாருங்கள். பெட்டி சுழன்றுகொண்டே செல்லும். விண்ணில் அப்படிச் சுழன்றால் ஆண்டெனா பூமியைப் பார்க்காது. பிறகு கட்டிய பெட்டியை ஒரு வாரம் அப்படியே வைத்திருந்து, எட்டாம் நாள் நூலைச் சுட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் முன்போலவே தள்ளுகிறதா? நூல் தளர்ந்திருக்கிறதா? குறிப்பேட்டில் முதல் நாள் எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணையும் எழுதுங்கள். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால், காரணத்தைத் தேடும் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.